வலப்பக்கத்து இருக்கை

எங்கள் லொறியின் சுக்கான் இடப்பக்கத்தில் இருந்தது. வாங்கும்போதே அது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் செய்த லொறி. அந்த நாட்டில் வீதியின் வலப்பக்கத்தால் ஓடுவார்கள். நாங்கள் இடப்பக்கத்தால் ஓடுகிறவர்கள். ஆகவே அந்த லொறியை ஓட்டுகிறவன் வேலியோடு வேலியாக, வீதிக் கரையில் இருப்பான். முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால், அதற்கு அப்பால் எதிரே என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. வலப்பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

உலக யுத்தம் முடிந்த மறு வருடம் பலாலி விமானத்தளப் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளத்தார் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டார்கள். ஊரெல்லாம் பட்டாளத்துப் பொருள் பரவிய காலம் அது. எங்கள் நீர்வேலியில் ஒரு மாட்டுக்கொட்டிலுக்குக் கூடாரத் துணியால் மறைப்பு. இன்னொரு வீட்டில் கோழி பெற்றோல் தகரத்துக்குள் அடைகாத்தது. சுக்கான் வலப்பக்கம் இருந்த லொறிகளை என்னைவிடக் கெட்டிக்காரர்கள் முன்னதாகவே பார்த்து வைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது மிச்சம்.

என் மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார், ஏலத்துக்கு என்னோடு வந்திருந்தார். லொறியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அத்தான், இது லொறியோ, யானை செத்துக் கிடக்கோ?" என்று கேட்டார்.

"எழுப்பலாம்" என்றேன்.

நான் மலாயா ரயில்வேயில் சாமான் களஞ்சியத்தில் வேலை பார்த்தவன். உடம்புக்கு ஒத்துவராமல் முன்னதாகவே பென்சன் எடுத்துக்கொண்டு, யுத்தத்துக்கு முன் மனைவியோடு ஊருக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் ஒரே மகன் அங்கே நின்றுவிட்டான். அவனுக்கும் ரயில்வேயில் வேலை கிடைத்திருந்தது. பிறகு யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியபோது, ஊருக்கு வந்த ஒருவர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்காமல், நின்றபடியே மகனின் முடிவைச் சொன்னார். காய்ச்சல் என்றார். எந்த இடம் என்று கேட்டேன். யப்பான்காரன் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் ரயில்பாதை போட்ட காடு என்றார்.

அன்றிலிருந்து என் மனைவி படலைக்கு வெளியே போகவில்லை. கோயிலுக்கில்லை, கலியாண வீடுகளுக்கில்லை, தம்பி வீட்டுக்குக்கூட இல்லை. சமைத்தாள், துவைத்தாள், முற்றம் கூட்டினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். மகனைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாப்பிடும்போது எதிரே நின்று சோறு போடுவாள். எனக்கு ஏதோ சொல்லவேண்டும் போலிருக்கும். நிமிர்ந்து பார்ப்பேன். அவள் முகத்தைக் கண்டதும் சொல்ல வந்தது போய்விடும். அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவள் இப்படியே உள்ளுக்குள் போய்க்கொண்டிருந்தால் ஒருநாள் என்னாலும் எட்ட முடியாத இடத்துக்குப் போய்விடுவாள் என்று பயந்தேன்.

அவளை மனதில் வைத்து லொறி வாங்கினேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். அது உண்மை இல்லை. என் கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வேலைக்குக் குறைவில்லை. பட்டாளத்துப் பச்சை வர்ணத்தைச் சுரண்டினால் கீழே இன்னொரு பச்சை இருந்தது. அதையும் சுரண்டி, தவிட்டு நிறம் பூசினேன். பின்னால் துணிக்கூரைக்கு வளைத்திருந்த இரும்பு வளையங்களைக் கழற்றிவிட்டு, வேப்பம் பலகையால் அடைப்பு வைத்து, வாழைக்குலைகள் உரசாதிருக்க உட்பக்கம் சாக்கு அடித்தேன். முன்சில்லுகளையும் இழுக்கும் தண்டு ஒன்று அதற்கு இருந்தது. சேற்றிலும் மலையிலும் ஏறுவதற்கானது. மேசை போல் கிடக்கும் எங்கள் நிலத்துக்கு அது என்னத்துக்கு என்று கழற்றி, கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றிக் கொட்டிலில் வைத்தேன். கொட்டில் சுவரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே அந்த ஸ்பானரின் உருவத்தைக் கரியால் வரைந்திருந்தேன். எது இல்லை என்று பார்த்தவுடன் தெரியும். களஞ்சியப் பழக்கம் விடாது.

மைத்துனர் வந்து பார்த்துவிட்டு, "இனி அத்தானுக்கும் ஒரு ஆணி அடிச்சு, கீழை படம் கீறி வைக்கவேணும். அக்கா தேடாமல் எடுப்பா" என்றார். குசினி வாசலில் நின்ற என் மனைவி உள்ளே திரும்பிவிட்டாள்.

லொறி ஓடத் தொடங்கியது. நீர்வேலித் தோட்டங்களிலிருந்து வாழைக்குலைகளைச் சுன்னாகம் சந்தைக்கும் யாழ்ப்பாணம் பட்டினத்துக்கும் ஏற்றுவது என் திட்டம். முதலில் மைத்துனர்தான் வலப்பக்கம் இருந்து பார்த்துச் சொன்னார். அவருக்கு வீதியைவிட உலகத்தில் அக்கறை அதிகம். சுதந்திரம் எப்போது வரும் என்று விளக்கிக்கொண்டே வருவார். எதிரே வந்த மாட்டுவண்டி எங்கள் கண்ணாடியளவுக்கு வந்தபிறகு, "அத்தான், ஒரு வண்டி வருகுது" என்பார். இரண்டு கிழமைக்குள் அவருக்கும் எனக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவர் நின்றுகொண்ட அடுத்தநாள் காலை குலைகள் ஏற்றியாயிற்று. பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. வெயில் ஏறினால் குலை வாடும். நான் முற்றத்தில் நின்றபடி யோசித்தேன். பிறகு குசினிப் பக்கம் போய், "இஞ்சாரும், சுன்னாகம் மட்டும் ஒருக்கால் வாரும். பக்கத்திலை இருந்து வீதியைப் பாத்துச் சொன்னால் காணும்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் முற்றத்தில் நின்ற லொறியையே பார்த்தாள். "குலை வாடப்போகுதோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். லொறியின் படி உயரம். ஏறுவதற்கு ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். ஏறி, இருக்கையின் விளிம்பில், கோயிலில் இருப்பதுபோல் நேராக இருந்தாள்.

"எதிரை ஒண்டும் வராட்டில் போங்கோ எண்டு சொல்லும். வந்தால் பொறுங்கோ எண்டு சொல்லும்."

"பொறுங்கோ எண்டு சொல்லுவன். போங்கோ எண்டு சொல்லமாட்டன்."

எங்கள் பக்கத்தில் பயணம் புறப்படுகிறவரைப் பார்த்துப் போ என்று சொல்வதில்லை. போறன் என்று சொல்லிப் புறப்படுவதும் இல்லை. போட்டு வாறன், போட்டு வாங்கோ என்பதுதான் முறை. அதுவும் ஒரு பெண், சில்லு உருளும் வண்டியில் இருக்கும் புருஷனைப் பார்த்து!

"அப்ப எடுங்கோ எண்டு சொல்லுமன்."

"இந்த இரைச்சலிலை ஆருக்குக் கேக்கும்?" என்றவள், தன் பக்கத்துக் கதவின் வெளித் தகரத்தில் கைக்காப்பால் தட்டினாள். டங் என்றது. "ஒருக்காத் தட்டினால் எடுங்கோ. ரண்டுதரம் தட்டினால் பொறுங்கோ."

அது நன்றாகவே வேலை செய்தது. மைத்துனரைப்போல் அவள் பராக்குப் பார்க்கவில்லை. உரும்பிராய்ச் சந்தியில் ஒரு புல்லு வண்டிக்குப் பின்னால் நெடுநேரம் ஊர்ந்தோம். அவள் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தாள், எதிரே ஆளேற்றி வந்த தட்டிவானைப் போகவிட்டாள், சைக்கிள்காரரைப் போகவிட்டாள், நாயொன்று வீதியைக் கடக்கும்வரை பார்த்திருந்தாள். பிறகு டங். நான் வண்டியை முந்தினேன். கடைக்கண்ணால் பார்த்தேன். சேலைத் தலைப்பைக் காற்றுக்கு இழுத்துப் பிடித்தபடி அடுத்த வளைவை எதிர்பார்த்திருந்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? லொறிக்கு முன்னால் இருந்து போகிற பொம்பிளை என்று படலைகளில் நின்று பார்த்தார்கள். மாட்டுவண்டிக்காரர் ஒருவர், "என்ன காணும், லொறிக்கு மணி கட்டிப்போட்டீரோ? டங் டங் எண்டு கேக்குது" என்று கூவினார். வீட்டுக்கு வந்தபிறகு இனி வரமாட்டேன் என்று சொல்வாள் என நினைத்தேன். அவள், "அந்தப் பெட்டி ஆடுது. ஒரு மூலைக்கு மரச்சீவல் வையுங்கோ" என்று மட்டும் சொன்னாள். பெட்டியின் மூலையைச் சரிசெய்தேன்.

கதவில் அவள் காப்புப் பட்ட இடத்தில் தவிட்டு வர்ணம் போய், பச்சை தெரிந்தது. பின்னர் பச்சையும் போய் வெறும் தகரம் மினுங்கியது.

ரேடியேற்றர் கதையையும் எழுதவேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் மற்றது இல்லை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய தண்ணீர். கொதிக்கவைக்கும் கேத்தலில் வெள்ளைப் பொருக்காகப் படியும். பட்டாளத்தார் இதே தண்ணீரைத்தான் வருடக்கணக்காக ஊற்றியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் ஓடினாலே இயந்திரம் கொதித்தது. நான் ரேடியேற்றரைக் கழற்றி நிறுத்தி, குழாய்களில் கம்பி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"எங்கடை கேத்தல் மாதிரித்தான்" என்றாள். "புளி விட்டுப் பாத்தனியளோ?"

புளி கரைத்துக் கொதிக்கவைத்து ஊற்றி, ஊறவைத்தோம். பொருக்கு இளகிக் கஞ்சிபோல் வந்தது. எங்களுக்குச் சந்தோஷம். அந்தப் பொருக்குத்தான் உள்ளே இருந்த ஓட்டைகளை அடைத்து வைத்திருந்தது என்பது தண்ணீர் ஊற்றியபோதுதான் தெரிந்தது. பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் பீறிட்டது. பட்டினத்தில் லொறி திருத்தும் கராச்சுக்குக் கொண்டுபோய் ஈயம் வைக்கவேண்டும். அதற்கு நாள் இல்லை, மறுநாட் காலைச் சந்தைக்குக் குலைகள் வெட்டியாயிற்று.

"உழுத்தம்மா போடுவமோ?" என்றாள். "களி கிண்டின சட்டி காஞ்சால் ஆணியாலை சுரண்டினாலும் வராது."

களஞ்சியத்தில் என் வாழ்க்கை முழுவதும் எந்தச் சாமான் எதற்கு என்று படித்தவன் நான். உழுத்தம்மாவை இயந்திரத்துக்குள் போடலாமா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நியாயமாகவே பட்டது. வறுத்த மா ஒரு சுண்டு அளந்து கரைத்து ஊற்றினோம். ஒழுக்கு நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் சுன்னாகம் சந்தை வாசலுக்குக் கிட்டப் போனபோது மூடி திறந்து ஆவி எழுந்தது. ஆவிக்குப் பின்னால் களி எழுந்தது. சாம்பல் நிறத்தில், தடிப்பாக, புளபுளவென்று ரேடியேற்றர் வாயால் வந்து முன்பக்கமெல்லாம் வழிந்தது. நல்லெண்ணெய்தான் குறை, மணம் அப்படியே வீட்டில் கிண்டிய உழுத்தங்களி. சந்தைச் சனம் கூடிவிட்டது. வெற்றிலைக் கடகத்தோடு இருந்த ஒரு கிழவி எழுந்து வந்து மோந்து பார்த்தாள்.

"இதென்ன பிள்ளை, உங்கடை லொறி பெரியபிள்ளையாயிட்டுதோ? களி கிண்டிக் குடுக்கிறியள்?"

வயதுக்கு வந்த பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்து, களி கொடுப்பது எங்கள் வழக்கம். சனம் கொல்லென்று சிரித்தது. எனக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்போது வலப்பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"ஓமணை, இண்டைக்குத்தான் தலைக்குத் தண்ணி வாத்தனாங்கள்."

கிழவி வாயில் இருந்த வெற்றிலை பறக்கச் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். முதலில் உதட்டோடு, பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல். நான் ஒரு கையில் தண்ணீர் வாளியும் மறு கையில் ரேடியேற்றர் மூடியுமாக நின்று அவளையே பார்த்தேன். மூடி சுட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

பட்டினத்துக் கராச்சில் லொறி திருத்துகிற பிட்டர், குழாய்களைக் கழுவிக் கழுவிக் களைத்துப்போய், "ஐயா, அடுத்தமுறை சக்கரையும் போட்டுக் கொண்டு வாங்கோ, பொடியளுக்குக் காலைச் சாப்பாடாகும்" என்றார். ஈயம் வைத்து ஓட்டைகளை அடைத்தார். அதன்பிறகு ரேடியேற்றருக்கு மழைத் தண்ணீர்தான். அவளே தாவாரத்தில் பீப்பா வைத்துப் பிடித்து, துணியால் வடித்து ஊற்றினாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு லொறிக்குள் பேச்சு வந்தது. வீட்டில் முன்போலத்தான். லொறியில் ஏறினால் வேறு. இருவரும் வீதியைப் பார்த்தபடி இருப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை. இயந்திரத்தின் இரைச்சல் வேறு. கேட்காவிட்டால் கேட்காத மாதிரி விட்டுவிடலாம். இணுவிலைக் கடக்கும்போது கோயில் பக்கம் கையெடுத்துக் கும்பிடுவாள். யார் வீட்டு வெங்காயம் நன்றாக நிற்கிறது என்பாள். மலாயாவின் மழையைப் பற்றிச் சொல்வாள். ஒருநாள் கதலிக்குலைகள் ஏற்றிப் போனோம். லொறி முழுக்கப் பழ வாசனை.

"அவனுக்குக் கதலிதான் விருப்பம்" என்றாள்.

பெயர் சொல்லவில்லை. முன்னால் வீதி வெறுமையாக இருந்தது.

"ஓம்" என்றேன். "தோலைக் கட்டிலுக்குக் கீழை எறிவான்."

"எறிஞ்சிட்டுப் பூனை கொண்டுவந்து போட்டது எண்டுவான்."

அவ்வளவுதான். பிறகு ஒரு வண்டி வந்தது, இரண்டுதரம் தட்டினாள், நான் பொறுத்தேன். ஆனால் அது தொடக்கம். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சின்ன விஷயம். ஒரு சட்டை. ஒரு காய்ச்சல். அன்றன்று செய்ததை எழுதிவைப்பது என் வழக்கம். அந்த நாட்களின் பக்கங்களில் எண்ணெய் மாற்றியதும் ரயர் ஒட்டியதும்தான் இருக்கின்றன. எழுத வேண்டியது வேறு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு வட்டுக்கோட்டைப் பயணம். அங்கே ஒரு கலியாண வீட்டுக்கு வாசலில் கட்டுவதற்குக் குலையோடு இரண்டு வாழைமரங்கள் கொண்டுபோனோம். கல்லூரி விடும் நேரம். முன்னால் வைக்கோல் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவள் எட்டிப் பார்த்து ஒருமுறை தட்டினாள். நான் வண்டியை முந்துவதற்கு வலப்பக்கம் எடுத்தேன்.

அப்போது எதிர்ப்பக்கமாகச் சைக்கிளில் ஒரு பொடியன் வந்தான். வெள்ளை வேட்டி, தோளில் புத்தகம், ஒரு முழங்காலை வெளியே விரித்து மிதித்துக்கொண்டு. எங்கள் மகன் அப்படித்தான் சைக்கிள் ஓடுவான். முழங்காலை உள்ளே வை என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கமாட்டான். பொடியன் லொறியைக் கடந்து போனான். அவள் தலை அவனோடு பின்னால் திரும்பியது. அவளுடைய தலைக்கு மேலால் நானும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னே திரும்பியபோது பஸ் ஒன்று முகத்துக்கு முன் நின்றது. இடப்பக்கம் வெட்டி இழுத்தேன். வைக்கோல் வண்டியின் பாரத்தில் பாதி எங்கள் அடைப்பில் மாட்டி இழுபட்டு வந்தது. முன்சில்லு வெள்ளவாய்க்காலுக்குள் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. மாடுகள்கூட மிரளவில்லை. ஒரு வாழை குலையோடு முறிந்துபோனது.

வண்டிக்காரர் வைக்கோல் மேல் நின்றபடி, "கண்ணை எங்கை வச்சுக்கொண்டு வாறியள்?" என்று கத்தினார். அவர் என்னைத்தான் கேட்டார். காதில் வாங்கிக்கொண்டவள் அவள்.

முறிந்த வாழையைக் கலியாண வாசலில் கட்டமாட்டார்கள். வழியில் ஒரு தோட்டத்தில் கேட்டு வேறொன்று வெட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். வழி நெடுக அவள் தட்டவேண்டிய இடங்களில் தட்டினாள். வீட்டில் இறங்கி, கவிழ்த்த பெட்டியை எடுத்துக் கொட்டிலின் மூலையில் வைத்தாள்.

"இனி நான் வரேல்லை" என்றாள். "என்ரை கண்ணை நம்பி நீங்கள் ஓடப்படாது."

நானும் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் சொல்லவேண்டியது. அவள் எதிரே நின்றாள். அவள் முகம் படலைக்கு வெளியே போகாமல் இருந்த நாட்களின் முகமாக இருந்தது. வாய் திறந்தேன். "சரி" என்றுதான் வந்தது.

மைத்துனர் மறுகிழமையே வழி கண்டுபிடித்தார். உடைத்துக்கொண்டிருந்த ஒரு லொறியின் வலப்பக்கத்துச் சுக்கான் பட்டினத்தில் கிடக்கிறது. பிட்டர் மாற்றித் தருவார். "அக்கா சொல்லிப்போட்டா, மாத்தட்டுமாம்" என்றார். எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். ஆள் இல்லாமல் இடச்சுக்கானோடு ஓடமுடியாது. ஓடாவிட்டால் தோட்டக்காரர் என்னை நம்பி வெட்டிய குலைகள் என்னாவது?

கராச்சில் நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன். சட்டகத்தில் புதிதாகத் துளையிட்டுச் சுக்கான் பெட்டியைப் பூட்டினார்கள். மிதிகட்டைகளை வலப்பக்கம் கொண்டுபோனார்கள். இடப்பக்கத்தில் பழைய துளைகளுக்குத் தகரம் வைத்து ஆணி அடித்தார்கள். கியர்த்தண்டு மட்டும் நடுவிலேயே நின்றது. இவ்வளவு காலம் வலக்கையால் மாற்றியதை இனி இடக்கையால் மாற்றவேண்டும். சில நாட்கள் என் இடக்கை வெறும் காற்றைப் பிடித்தது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அவளுடைய பக்கத்தில் ஏறி இருந்தேன். கை வைத்த இடத்தில், வர்ணம் போய் மினுங்கிய தகரம்.

இப்போது வீதி முழுவதும் தெரிந்தது. யாரையும் கேட்காமல் முந்தலாம், ஒதுங்கலாம். இடப்பக்கத்தில் ஒரு சாக்கு மடித்துக் கிடந்தது. வீட்டில் அவள் சோறு போட்டாள், முற்றம் கூட்டினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மழைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இலை விழுந்து கிடந்தது. அதைக் கண்டபோதுதான் எனக்குப் பயம் முழுதாக வந்தது.

ஒன்றை நான் நினைத்துப் பார்க்கவில்லை. வீதியில் வலப்பக்கம் தெரியவேண்டும். வீட்டுக்கு வரும் ஒடுங்கிய ஒழுங்கையில் இடப்பக்கமும் தெரியவேண்டும். எங்கள் ஒழுங்கை லொறிக்கு வெட்டியதல்ல. இரண்டு பக்கமும் வேலி. நடுவில் லொறி போனால் ஒரு கோழி ஒதுங்க இடமில்லை. இவ்வளவு நாளும் இடப்பக்கம் என் தோளோடு இருந்தது, வலப்பக்கத்தை அவள் பார்த்தாள். இப்போது இடப்பக்கத்து வேலி எனக்குக் கண்ணுக்கெட்டாத தூரம். ஒரு காலை, பாரத்தோடு திரும்பும்போது சடசடவென்று சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் பக்கத்து வளவுக்காரரின் வேலி ஓலைக் கிடுகோடு சாய்ந்து, நட்டிருந்த கதியால் தடிகள் உள்ளே விழுந்து கிடந்தன.

எங்கள் ஊரில் ஒருவனுடைய கிணற்றில் மாடு விழுந்தாலும் மன்னிப்பான். வேலியில் கைவைத்தால் பேரப்பிள்ளை காலம்வரை வழக்குப் பேசுவான். அவர் முறிந்த கதியால் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் படலைக்கு வந்துவிட்டார். என்னை விட்டுவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வா. இதை ஒருக்காப் பார். மலாயா அண்ணை மெல்ல மெல்ல வேலியை அரக்கப் பாக்கிறார். கையாலை அரக்கினால் ஊர் கண்டுபிடிக்குமெண்டு லொறியாலை அரக்கிறார்."

அயலானின் காணியைத் திருடுகிற எண்ணத்தில் வேலியை நகர்த்துவதை அரக்குவது என்பார்கள். அவர் பாதி பகிடியாகத்தான் சொன்னார். மற்றப் பாதி பகிடி இல்லை. என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள், படலையைத் திறந்தாள், ஒழுங்கைக்குள் இறங்கினாள். விழுந்த வேலியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்த்தாள். ஒரு கதியாலை நிமிர்த்தி, அது நின்ற குழிக்குள் வைத்துக் காலால் மண்ணை மிதித்தாள்.

"அண்ணை, கதியால் பழைய குழியிலையே நிக்கும். பின்னேரம் நானே நிண்டு கட்டுவிச்சுத் தாறன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வேணுமெண்டு இடிச்சனியளோ?"

"இல்லை. உந்தப் பக்கம் எனக்குத் தெரியேல்லை."

உண்மைதான். என்னைப்போன்ற ஒருவன் வேண்டுமென்று ஒரு வேலியைச் சாய்ப்பானா? ஆனால் அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

பின்னேரம் கிடுகு கட்டும்போது மைத்துனரும் வந்து நின்றார். "அத்தான் வலப்பக்கத்துக்கு வந்தார், இடப்பக்கம் ஊர் அழியுது" என்றார். "வாயைப் பொத்திக்கொண்டு கயிறைப் பிடி" என்றாள் அக்கா.

மறுநாட் காலை நான் குலைகளை ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தேன். கொட்டிலின் மூலையிலிருந்து அவள் பெட்டியை எடுத்துவந்து லொறியின் இடப்பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"வீதிக்கு நான் வேண்டாம்" என்றாள். "ஒழுங்கைக்கு ஒரு ஆள் வேணும். உங்களாலை ஊரிலை வேலி மிஞ்சாது."

ஏறினாள். நான் சாக்கை எடுத்து அவளுக்கு விரித்துக் கொடுத்தேன். அவள் கால்கள் தகரம் வைத்து அடைத்த துளைகளின் மேல் இருந்தன. புதிய பக்கம், தலையை வெளியே நீட்டி வேலியைப் பார்த்தாள். டங். மெல்ல எடுத்தேன். டங் டங். நின்றேன். ஒரு பூவரசங் கிளையைக் கையால் ஒதுக்கிவிட்டு மறுபடி தட்டினாள். அயலவர் தன் படலையில் நின்று ஒரு கிடுகும் அசையவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டார்.

ஒழுங்கை முடிந்து பெரிய வீதியில் ஏறினோம். இனி அவளுக்கு வேலை இல்லை. இறங்கச் சொல்லவும் முடியாது. சந்தைவரை வரத்தான் வேண்டும். வீதி நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் வாழை. நான் முன்னே பார்த்தபடியே இருந்தேன். இயந்திரம் இரைந்தது.

"அண்டைக்கு, வட்டுக்கோட்டையிலை" என்றேன். "சைக்கிளிலை ஒரு பொடியன் போனவன்."

இடக்கையால் கியரை மாற்றினேன்.

"முழங்காலை வெளியாலை விட்டுக்கொண்டு."

கொஞ்ச தூரம் போயிற்று.

"நீங்களும் பாத்தனியளோ?" என்றாள்.

"ஓம். நானும் அவனைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் திரும்பவில்லை. முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. அதை முந்தலாம், எதிரே ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. முந்தாமல் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன்.

"ஸ்டேசனிலை நிண்டு கைகாட்டினவன்" என்றாள். "நாங்கள் வெளிக்கிடேக்கை. போட்டு வாங்கோ அம்மா எண்டுதான் சொன்னவன்."

"ஓம். ரயில் வெளிக்கிட்ட பிறகும் கூடவே கொஞ்ச தூரம் ஓடி வந்தவன்."

"செருப்பு ஒண்டு கழண்டது."

"ஓம். கழண்டது."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று இரைச்சலில் எனக்குப் பிரித்துக் கேட்கவில்லை. இரண்டும் இருந்திருக்கும். வண்டிக்குப் பின்னால் எவ்வளவு நேரம் போனோமோ தெரியாது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் பக்கத்து யன்னலால் முன்னே எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்கு வேலியும் வாழையும்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் பார்த்தாள். குலை வாடும் என்று நினைத்திருப்பாள்.

கதவின் வெளியே, வர்ணம் போகாத இடப்பக்கத்துத் தகரத்தில், ஒருமுறை தட்டினாள்.

நான் லொறியை எடுத்தேன்.